சிறு கூட்டத்துக்குப் பெருங்கல்வி எதற்கு?

ஃபின்லாந்து மக்களில் நூற்றுக்கு 5 பேர் அளவினரே ஸ்வீடிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுக்கென நாட்டின் தென்மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஃபின்னியர் துர்க்கு என்றும், ஸ்வீடிஷ் மொழியினர் ஓபு என்றும் வழங்கும் நகரிலுள்ள ‘ஓபு அகாடமி’ அது. “இவர்களில் பலருக்கு ஃபின்னிஷும் தெரியுமே, தனிப் பல்கலைக்கழகம் எதற்கு?” என்று கேட்போர் உளர். கல்வியைத் தலைக்கணக்குப் போட்டு அளப்பவர்கள் எந்நாட்டிலும் கேட்கும் கேள்விதான் இது.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1809 வரை ஃபின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் அலுவலகமும் நீதிமன்றமும் ஸ்வீடிஷிலேயே நடந்தன. பெரும்பான்மையோரின் மொழி வாசலுக்கு வெளியே நின்றது. 1863 இல் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆணைதான் அதற்குக் கதவைத் திறந்தது. ஃபின்னியரின் மனக்குறை மெய்யானது. ஆனால் ஸ்வீடிஷ் பேசியவர்கள் எல்லாரும் பிரபுக்களா? கரையோரத்து மீனவர்களும் குடியானவர்களும் பேசிய மொழியும் அதுவே. அன்றைய அதிகாரியின் குற்றத்தை இன்றைய மீனவன் மகனிடம் வசூலிப்பது எந்த நீதி?

இந்நகரில் 1640 இல் தோன்றிய பழைய கலாசாலை, 1827 பெருந்தீக்குப் பின் ஹெல்சிங்கிக்குப் பெயர்ந்துவிட்டது. இன்றைய ஓபு அகாடமி 1918 இல் எழுந்தது. எழுப்பியது மன்னர் ஆணையன்று, தனியார் கொடை. நம் முன்னோர் மதரஸாக்களுக்கு வக்ஃபு செய்ததை அறிந்தவர்களுக்கு இதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை. 1981 இல்தான் அரசு அதனை ஏற்றது. ஃபின்னியரும் வாளாவிருக்கவில்லை. 22,000க்கும் மேற்பட்டோர் பொருளீந்து, 1920 இல் அதே நகரில் ஃபின்னிஷ் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினர். மொழிப்பூசலுக்கு இதனினும் கண்ணியமான விடை உண்டோ?

தனிப் பல்கலைக்கழகத்தின் தேவையை அறிய வேண்டுவோர் துர்க்குவை விட்டு வடக்கே வாசா நகருக்குச் செல்லட்டும். ஸ்வீடிஷ் பள்ளிகளுக்கான ஆசிரியர்களை ஓபு அகாடமி அங்கேதான் உருவாக்குகிறது. ஆசிரியர் தம் பாடத்தைத் தம் மொழியில் கற்றிராவிட்டால், பிள்ளைக்கு அதை எந்த மொழியில் விளக்குவார்? தாயிடம் பேசும் மொழி ஒன்று, தேர்வெழுதும் மொழி வேறு என்றானால், தாய்மொழி மெல்ல அடுப்படிக்குள் ஒதுங்கும். முப்பதாண்டு கரும்பலகை முன் நின்றவன் சொல்கிறேன்: துறைச்சொல் இல்லாத மொழியில் பிள்ளைகள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆயினும் இன்று அஞ்ச வேண்டியது ஃபின்னிஷை அன்று, ஆங்கிலத்தை. 2009 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் ஓபு அகாடமியின் மொழி ஸ்வீடிஷ் என்று வரையறுத்துள்ளது. பிற மொழிகளையும் பயன்படுத்திக்கொள்ள இடமளிக்கிறது. அவ்விடத்தின் வழியே முதுகலைப் பாடநெறிகளுக்குள்ளும் ஆய்வுக்குள்ளும் ஆங்கிலம் நுழைந்துவிட்டது. ஃபின்னிஷ் கேட்டால் எதிர்த்து நிற்பவர்கள், ஆங்கிலம் கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்!

“உலகறிய வேண்டாமா?” என்பார்கள். அறியட்டும். அப்பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் உலகறிந்தவர்தாம். 1898 முதல் பலமுறை மொராக்கோவில் தங்கி, அம்மக்களின் அரபுப் பேச்சைக் கற்று, அவர்தம் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் ஆராய்ந்து, 1926 இல் இரு தொகுதிகளாக வெளியிட்டவர். எழுதியது ஆங்கிலத்தில். லண்டனில் பேராசிரியராகவும் இருந்தவர். அவர்தாம் 1918 இல் ஸ்வீடிஷ் மொழிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்றார். உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதியது, தம் மக்களுக்கு அவர்தம் மொழியில் உயர்கல்வி அளிப்பதற்கு அவருக்குத் தடையாகவில்லை.

அடுத்த பாடநெறியை ஆங்கிலத்துக்கு மாற்றக் கையெழுத்திடுவோர், அதற்கு முன் வாசாவுக்கு ஒருமுறை போய், அங்கே பயிலும் இளம் ஆசிரியரிடம் கேட்கட்டும்: “இதை உன் வகுப்புப் பிள்ளைக்கு எச்சொல்லால் சொல்வாய்?”