கண்படையும் கல்வியும்

வைகறையில் வேந்தனின் புகழைப் பாடி அவனைத் துயிலெழுப்புதல் பண்டைநாளில் சூதர்தம் தொழிலாய் இருந்தது. அதனைத் துயிலெடை நிலை எனத் தொல்காப்பியம் ஒரு துறையாக வகுத்தது. அந்நூலே கண்படை நிலை என மற்றொரு துறையையும் கூறுகின்றது. இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் வேந்தனை, 'இனித் துயில்கொள்க' என வேண்டுவது அத்துறை. நாடாளும் மன்னனுக்கும் உறங்கும் வேளையை நினைவூட்டல் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். இக்காலப் பள்ளிகள் துயிலெடை நிலையை மட்டும் கைக்கொண்டன. கண்படை நிலையை மறந்துவிட்டன. மாணாக்கரை எழுப்பும் பள்ளிக்கு அவர்களை உறங்கவிடும் கடமையும் உண்டு என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகளின் நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பள்ளி மணி ஒன்பதுக்கு மேல் அடித்தாலும், அதற்கு முன்பே 'சிறப்பு வகுப்பு' தொடங்கிவிடுகின்றது. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை ஐந்து மணிக்கே எழுதல் வேண்டும். மாலையிலும் வகுப்பு, அதன்பின் தனிப்பயிற்சி, அதன்பின் வீட்டுப்பாடம். படுக்கும்பொழுது பதினொன்று ஆகிவிடுகின்றது. எஞ்சுவது ஆறு மணி நேரமே. 13 முதல் 18 அகவை வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கணக்கில் வல்ல ஆசிரியர்கள் இந்தக் கழித்தலை மட்டும் ஏனோ செய்து பார்ப்பதில்லை!

"முன்னேரத்தில் படுத்தால் ஆகாதோ?" என்று பெற்றோர் கேட்பர். கேள்வி நேரியதே. ஆயின், இளமைப் பருவத்து உடல் அதற்கு எளிதில் இசைவதில்லை. உயிர்களின் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. 1729ஆம் ஆண்டில் தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் கூம்பும் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரவன் ஒளி படாதபோதும் அது உரிய வேளையில் விரிந்தது. உரிய வேளையில் கூம்பிற்று. அக்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் முறையைப் பழ ஈயிடத்தே ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடத்தே இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துவது மெலட்டோனின் என்னும் சுரப்பு. பருவம் எய்தும் ஆண்டுகளில் அச்சுரப்பு இரவில் முன்னினும் காலந்தாழ்த்தே தொடங்குகின்றது. எட்டு அகவையில் ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளைக்குப் பதினாறில் பதினொன்று ஆகியும் உறக்கம் வாராமை இதனாலாகும். இயல்பாகவே பிந்தும் உறக்கத்தைக் கைபேசியின் ஒளி மேலும் பிந்தச் செய்கின்றது. ஆதலின், அந்த ஒரு பழியை மட்டும் பிள்ளைகள் ஏற்றே ஆகவேண்டும்.

இங்கே சிலர் திருவள்ளுவரைத் துணைக்கு அழைப்பர். மடியின்மை என்னும் அதிகாரத்தில் அவர் கெடுவார் விரும்பும் நான்கனுள் ஒன்றாகத் துயிலையும் வைத்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் அதனை எவற்றோடு வைத்தார்? காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு வைத்தார். செயலாற்றவேண்டிய வேளையில் கொள்ளும் துயிலே அங்குக் கடியப்பட்டது. இரவில் உறங்குவதற்கு அக்குறள் தடையன்று. இரவெல்லாம் விழித்து, வகுப்பில் நூலைத் திறந்தபடி கண் செருகுகின்றவனுக்கே அது பொருந்தும். அவனையோ நாம் உழைப்பாளி என்று பாராட்டுகின்றோம்! கற்றதனை மூளை நிலைபெறச் செய்வதில் உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உறக்கத்தை விற்று மனப்பாடம் வாங்குவோர் வாங்கியதையும் தேர்வறையில் இழப்பர்.

பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தால், பிள்ளைகள் அத்துணை நேரம் கூடுதலாக விழித்திருப்பர் என்று ஐயுறுவாரும் உளர். அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கு 2016ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50 மணியிலிருந்து 8.45 மணிக்கு மாற்றினர். மாணாக்கரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, அவர்கள் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாக உறங்கியது தெரிந்தது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் 8.30 மணிக்கு முன் தொடங்குதல் ஆகாது என்னும் சட்டம் 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அத்தகைய சட்டம் வேண்டுவதில்லை. நம் மணி ஏற்கெனவே நல்ல வேளையில்தான் அடிக்கின்றது. அதற்கு முன்னே நாம் ஒட்டவைத்த வகுப்பை எடுத்துவிட்டாலே போதும். தேர்ச்சி குறையும் என்று தலைமையாசிரியர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று, மதிப்பெண் குறைந்தால் விடைசொல்ல வேண்டியவர் அவரே. எனினும், காலைவகுப்பில் பாதிப்பேர் தூங்கி விழுவதையும் அவர் கண்டிருப்பார்.

பள்ளி செய்யத்தக்கன வேறு சிலவும் உள்ளன. ஐந்து ஆசிரியரும் ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியாது ஒரே நாளில் வீட்டுப்பாடம் கொடுக்கின்றனர். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் அவரவர் கொடுத்த வேலையை எழுதிவைத்தால், பின்வருபவர் கண்டு தம் அளவைக் குறைத்துக்கொள்வார். இரவு ஒன்பது மணிக்குமேல் கைபேசிக் குழுவில் பாடக்குறிப்பு அனுப்பும் புதுவழக்கத்தை ஆசிரியர்கள் விட்டொழித்தல் வேண்டும். விடுதிகளில் விளக்கணைக்கும் நேரத்தைக் காப்பாளர் தேர்வுக் காலத்திலும் தளர்த்தலாகாது.

வகுப்பில் உறங்குபவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவதால், அவன் விழிப்பான்; காரணம் விழிக்காது. அவனைத் தனியே அழைத்து, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், தம்பி?" என்று கேட்டால் எத்தனையோ செய்திகள் வெளிவரும். ஒருவன் விடியுமுன் பால் ஊற்றப் போகின்றவனாய் இருப்பான். ஒருத்தி நோயுற்ற பாட்டியின் அருகே விழித்திருப்பவளாய் இருப்பாள். மற்றொருவன் குறட்டையாலும் மூச்சுத்தடையாலும் இரவெல்லாம் துன்புற்று, மருத்துவரிடம் காட்டவேண்டியவனாய் இருப்பான். வருகைப்பதிவேட்டில் பெயரழைக்கும் ஆசிரியர், வாரத்தில் ஒருநாள் இக்கேள்வியையும் கேட்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.