கரூர் வேட்பாளரும் அன்னவாசல் வாக்காளரும்

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம். நம்ம கடைத்தெருவுக்கு ஒரு வேட்பாளர் திறந்த வேனில் வந்தார். பெயர் வேண்டாம். சொன்னால் நான் இன்ன கட்சி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பக்கத்தில் நின்றவர் காதில் சொன்ன பிறகுதான் "அன்னவாசல் பெருமக்களே" என்றார். ஐந்து நிமிடம் பேசிக் கும்பிட்டார். வண்டி இலுப்பூர் பக்கம் போய்விட்டது.

முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன். யாரைப் பார்த்தாலும் மார்க் போடுகிற பழக்கம் போகவில்லை. அவருக்குப் பாஸ் மார்க் போட மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்தது மார்ச் 30. பிரசாரம் முடிந்தது ஏப்ரல் 17. அதற்குள் வேடசந்தூர், அரவக்குறிச்சி, கரூர், கிருஷ்ணராயபுரம், மணப்பாறை, விராலிமலை என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சுற்ற வேண்டும். நான்கு மாவட்டத்தில் கிடக்கின்றன. நாம் கடைசி மூலை.

முன்பு புதுக்கோட்டைக்கே ஒரு எம்.பி. இருந்தார். 1967-இல் உமாநாத் இரண்டாவது முறை ஜெயித்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். பிறகு 1996-இல் திருச்சி சிவா, 2004-இல் ரகுபதி. மறுசீரமைப்பில் தொகுதியே போய்விட்டது. 2009 தேர்தலில் நம் மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு திசைக்குப் பிரிந்தன. சொத்துப் பிரித்தால்கூட வீட்டை ஒருத்தர் பேரில் வைப்பார்கள்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறான். அங்கே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 2024-இல் ஜனவரி 23-ஆம் தேதியே போட்டாயிற்று. அதற்குப் பல மாதம் முன்பிருந்தே வேட்பாளர்கள் சாப்பாட்டுக் கடை வரை வந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார்களாம். இங்கே விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் தலைமையகத்தோடு சரி. பெயரை நாம் டி.வி.யில்தான் பார்க்கிறோம்.

அதே தேர்தலில் இன்னொருவரும் வந்தார். வேனை விட்டு இறங்கி, இட்லிக்கடை அம்மாவிடம் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டார். அந்த அம்மா பொரிந்து தள்ளியதைக் கடைசி வரை கேட்டு, கூட வந்தவரை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிய தாள் எங்கே போனதோ. இருந்தாலும் என் மார்க் அவருக்குத்தான்.

"அப்போ ஓட்டும் அவருக்குத்தானா?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகச் சின்னத்தைப் பார்த்தே குத்திய விரல் இது.

இப்போது மறுபடி தொகுதி மறுசீரமைப்பு பற்றிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. குறையும் என்றுதான் எல்லோருக்கும் கவலை. நியாயமான கவலை. நம் புதுக்கோட்டையைத் திருப்பிக் கேட்கவும் அதுதான் நேரம். அடுத்த முறை யார் வேனில் வந்தாலும், மாலை போடுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாமென்று இருக்கிறேன். கூட நாலு பேர் வந்து நின்றால் வண்டி ஐந்து நிமிடத்தில் கிளம்பாது.