செஞ்சியின் சின்னக் குன்றும் பெயரில்லாத வழிகாட்டியும்

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, செஞ்சிக் கோட்டையைத் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள பெயர் 'இந்தியாவின் மராத்தா ராணுவ நிலவெளிகள்'. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராட்டிரத்தில் இருக்கின்றன, ஒன்று எங்கள் ஊரில். அறிவிப்பு வந்ததும் இரண்டு வகையான குரல்கள் எழுந்தன. உலகமே நம்மைப் பார்க்கிறது என்றது ஒன்று. தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராத்தியப் பெயரா என்றது மற்றொன்று. இரண்டாவது குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677இல். முகலாயர் அதை எடுத்துக்கொண்டது 1698இல். நடுவில் 21 ஆண்டுகள்தான்.

ஆனால் இந்தச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் ஒரே கேள்விதான் இருக்கிறது: கோட்டை எந்த ராஜாவுடையது? கோன்களுடையதா, நாயக்கர்களுடையதா, மராத்தியருடையதா, 1714இல் செத்துப்போன தேசிங்கினுடையதா? ஆடு மேய்த்த ஆனந்தக் கோனுக்கு மலையில் புதையல் கிடைத்தது, கோட்டை கட்டினான் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உரிமை கொண்டாட ஆள் இருக்கிறது. தேசிங்குக்கு நாடகம் இருக்கிறது, கதைப்பாட்டு இருக்கிறது, சினிமா இருக்கிறது. பீஜப்பூர்க்காரர்களும், 1750இல் வந்த பிரெஞ்சுக்காரர்களும், 1761இல் வந்த ஆங்கிலேயர்களும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கட்டியவன் யார் என்று சண்டை போடுகிறவர்களில் ஒருவர்கூட, கல் சுமந்தவன் யார் என்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பட்டியலில் ஏறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வரும் வேன்கள் அதிகமாகியிருக்கின்றன. முன்பு திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது 'ட்ரெக்கிங்' என்றே வருகிறார்கள். விடியற்காலையில் புறப்பட்டு, காலையில் ராஜகிரி ஏறி, மதியத்துக்கு மேல் பாக்கம் மலைக்காட்டுப் பக்கம் நடந்து, இரவு சென்னை திரும்புவது. அப்படி வந்த ஒரு குழுவோடு போன மாதம் நானும் போனேன். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். 22 பேர். பெரும்பாலும் கணினித் துறை. ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், மலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைக்கூடப் போடவில்லை. இதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன், ஏனென்றால் என் புகார் கெட்ட மனிதர்களைப் பற்றியது அல்ல.

ராஜகிரி 800 அடி. கல்யாண மகால், களஞ்சியம், உச்சிக்கு முன்னால் இருக்கும் மரப்பாலம் என்று ஒவ்வோர் இடத்திலும் குழுவை நடத்தி வந்த இளைஞர் நிறுத்திக் கதை சொன்னார். உச்சியிலிருந்து கையை நீட்டிக் காட்டினார். வடக்கே கிருஷ்ணகிரி, கிழக்கே தள்ளிச் சந்திரகிரி, நாம் நிற்பது ராஜகிரி. "மூணு மலை, ஒரு கோட்டை." அவ்வளவுதான்.

"சக்கிலிதுர்க்கம் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"அது சின்னது சார். அங்க பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "அந்தப் பேரை இப்பல்லாம் சொல்லக்கூடாதுல்ல?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சியைப் பற்றி எழுதிய பழைய ஆங்கிலேயர் கால ஏடுகளில் சக்கிலிதுர்க்கம் என்ற பெயர் இருக்கிறது. சில நூல்கள் சந்திரகிரிக்கே அந்தப் பெயரைத் தருகின்றன, சில நூல்கள் அதைத் தனியான சின்னக் குன்று என்கின்றன. வடக்கத்தியர் வழக்கில் 'சமார் திக்ரி' என்றும் எழுதியிருக்கிறார்கள். பொருள் ஒன்றுதான், தோல் வேலை செய்கிறவர்களின் குன்று. தமிழிலும் வடமொழி வழக்கிலும் ஒரே பொருளில் பெயர் வந்திருக்கிறது என்றால், அது யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் அல்ல. உயரம் குறைந்ததால் இழிவாக வைத்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தோல் தொழிலாளர்கள் அங்கே இருந்ததால் வந்த பெயர் என்பது மற்றொரு விளக்கம். முதல் விளக்கத்தைச் சொல்லும்போது நம் படித்தவர்களுக்கு ஒரு சங்கடமும் வருவதில்லை. குன்று குட்டையாக இருந்தால் அதற்கு ஒரு சாதியின் பெயர் பொருந்தும் என்று அவர்கள் மனமே சொல்லிவிடுகிறது.

நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். காரணம் எளிது. ஒரு கோட்டை எதனால் ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 1690களில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஆண்டுக்கணக்கில் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளேயும் குதிரை, வெளியேயும் குதிரை. குதிரைக்குச் சேணம் வேண்டும், கடிவாளம் வேண்டும், அங்கவடி வார் வேண்டும். வாளுக்கு உறை, வீரனுக்குச் செருப்பு, மருந்து நனையாமல் வைக்கத் தோல் பை, கிணற்றிலிருந்து நீர் இறைக்கச் சால், போர்முரசுக்கும் பறைக்கும் தோல். இதில் எது இல்லாமல் எந்த ராஜா ஒரு நாள் ராஜாவாக இருக்க முடியும்? தேசிங்கு கதை முழுக்கக் குதிரைக் கதை. முரட்டுக் குதிரையை அடக்கினான், குதிரையிலேயே போனான், குதிரையோடு செத்தான் என்கிறார்கள். அந்தக் குதிரை மேல் கிடந்த சேணத்தைத் தைத்தவன் பெயர் எந்தப் பாட்டில் இருக்கிறது? அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு குன்றின் பெயர். அதையும் இப்போது நாகரிகம் கருதி எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

அந்தச் சொல் வசவாகப் புழங்குகிறது என்பது எனக்குத் தெரியாதா? நான் பறையர் சேரியில் பிறந்தவன். எங்கள் தெருவிலேயே அதை வசவாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அருந்ததியர் தோழர்கள் அந்தப் பெயர் வேண்டாம், அருந்ததியர் குன்று என்று எழுதுங்கள் என்றால் அது அவர்கள் உரிமை, நான் கூட நின்று பலகை நடுவேன். ஆனால் அவர்களைக் கேட்காமலே, "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கடந்துபோவது மரியாதை ஆகாது. வசவை நீக்குவது வேறு, ஆளையே நீக்குவது வேறு. சொல்லைத் துடைத்தவர்கள் சேணம் தைத்த கையையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள்.

கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது அரசியல் இல்லாத பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1934இல் அண்ணல் அம்பேத்கர் சுமார் 30 தோழர்களோடு சுற்றுலாதான் போனார். எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் வழியில் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்க இறங்கினார்கள். வழியெல்லாம் புழுதி. கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கை கால் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அடிதடி ஆகிற நிலைமை. கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவன் கூடவே வந்தான். கோட்டைக்குள் எங்கேயும் அவர்கள் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்புதான் மகாடில் சவுதார் குளத்து நீரைக் குடித்துப் போராடினார். உலகப் புகழ் பெற்ற வழக்கறிஞருக்கும் ஒரு கோட்டையைப் பார்க்கக் காவலோடுதான் போக வேண்டியிருந்தது. அந்தச் சிப்பாயும் ஒரு வழிகாட்டிதான், எங்கே தொடக்கூடாது என்று காட்டுகிற வழிகாட்டி.

இனி மதியத்துக்கு மேல் நடந்த நடைக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் அதுதான்.

காட்டுக்குள் எங்களை நடத்திப்போனவர் ஓர் இருளர் பெரியவர். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. வெறுங்காலோடு முன்னால் நடந்தார். கரையான் புற்றைப் பார்த்து எது பாம்பு இருக்கிற புற்று, எது காலியானது என்று சொன்னார். களாச்செடி, காட்டுக்கிழங்குக் கொடி, தேன் அடை இருக்கும் பாறை இடுக்கு என்று எல்லாம் காட்டினார். 22 பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். ஆனால் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். "இது என்ன செடி சொல்லு." "கொஞ்சம் மெதுவா போ." "நீ பாம்பு புடிச்சிருக்கியா?" இருபத்துநாலு வயதுப் பிள்ளைகள் என்னைச் 'சார்' என்றார்கள், 'நீங்க' என்றார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை 'நீ' என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் "ஆமாங்க சாமி" என்று பதில் சொன்னார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரைப் பார்த்தால் 'நீ' வரும், யாரைப் பார்த்தால் 'நீங்க' வரும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாக்கு சாதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. பெயர் கேட்டவர்கள் இரண்டு பேர். படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார். யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை, இங்கே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், எவ்வளவு கொடுப்பார்கள் ஐயா என்று. 500 என்றார். மதியச் சாப்பாடு சேர்த்து. பிறகு அந்த அமைப்பாளரிடம் இருந்த தாளைப் பார்த்தேன். விபத்துக் காப்பீட்டுப் பட்டியல். 22 பெயர்கள், இரத்த வகையோடு. அவர் பெயர் இல்லை. பாம்புப் புற்றில் கை வைக்கிறவருக்குக் காப்பீடு இல்லை, பத்தடி தள்ளி நின்று படம் எடுக்கிறவருக்கு உண்டு.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிர் இழந்தார்கள். அன்றைக்குப் புகைக்குள் முதலில் ஓடிப்போய் ஆட்களைத் தேடியவர்கள் சுற்றுவட்டார ஊர்மக்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. ஆபத்து வந்தால் முதலில் உள்ளே போகிறவர் யார் என்பது அன்றே தெரிந்துவிட்டது. பட்டியலில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை.

"அவங்களுக்கு வேலை கிடைக்குது, அதைக் கெடுக்காதீங்க" என்பார்கள். தெரியும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் கூட்டத்திலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை இந்த மாவட்டம் நன்றாகவே அறியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, மீட்பு இன்றும் நடக்கிறது. அந்த நிலையோடு ஒப்பிட்டால் ஒரு நாள் காட்டில் நடந்து 500 வாங்குவது பெரிது என்பது உண்மை. அதனால்தான் நான் அந்த வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அது கருணையாக இல்லாமல் தொழிலாக, உரிமையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் எங்களுக்குக் காட்டிய அதே கிழங்கைத் தனியாகப் போய்த் தோண்டினால், அதே தேனை எடுத்தால், 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தைக் காட்டி அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியும். 22 பேர் பணம் கட்டி நடந்தால் அது இயற்கை அனுபவம். அவர் அடுப்புக்கு நாலு சுள்ளி பொறுக்க நடந்தால் அத்துமீறல். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை இருக்கிறது என்று தெளிவாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவைக் காட்டி 2008 முதல் 2016 வரை உரிமைப் பட்டம் தருவதே முடங்கிக் கிடந்தது. அந்த உரிமையைக் கேட்டு மனுப் போட வேண்டுமென்றால் முதலில் சாதிச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், 1989 முதல் அதுதான் விதி. காட்டில் எல்லாப் புற்றையும் அறிந்தவர், தான் இருளர்தான் என்பதை அலுவலகத்தில் நிரூபிக்க வருடக்கணக்கில் நடக்கிறார். சான்று கேட்டுப் போன பிள்ளைகளிடம் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்ட கதைகளை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்தது, உள்ளூர் மக்களுக்கும் பழங்குடிகளுக்கும் வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தது. அதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பதும் காட்டின் மீது உரிமை கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறக்கடிக்கிற வித்தையில் நம் அரசுகள் கைதேர்ந்தவை.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊருக்குப் பணம் வரப்போகிறது. விடுதி வரும், கடை வரும், வழிகாட்டி உரிமம் வரும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் மிச்சம் இருப்பது வாகனம் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலையும் கழிப்பறை கழுவுகிற வேலையும்தான். ஆகவே இப்போதே கேட்கிறோம். தொல்லியல் துறை கோட்டைக்குள் வைக்கிற புதிய பலகைகளில் தோல் தொழிலாளர்களின் குன்று இருக்க வேண்டும், எந்தப் பெயரில் என்பதை அருந்ததியர் அமைப்புகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கோட்டை வழிகாட்டி உரிமத்தில் செஞ்சி வட்டத்துத் தலித், இருளர் இளைஞர்களுக்கு முதல் இடம் வேண்டும். காட்டுக்குள் குழு போகும் ஒவ்வொரு நாளும் வழிகாட்டியின் பெயரும் கூலியும் காப்பீடும் எழுதப்பட்ட தாள் இல்லாமல் வனத்துறை அனுமதி தரக்கூடாது. இருளர் குடியிருப்புகளில் வன உரிமைக் குழுக்கள் கூட்டப்பட வேண்டும்.

வருகிற மாதமும் அந்தக் குழு வருகிறதாம். அமைப்பாளருக்கு எழுதிவிட்டேன், பட்டியலில் 23ஆவது பெயரைச் சேர்த்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று. இதை எழுதும் வரை பதில் வரவில்லை.