வெட்டிவேர் குளிர்ச்சி தருமா?

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் மண்பானையும் அதற்குள் ஒரு பிடி வெட்டிவேரும் வந்துவிடும். “வெட்டிவேர் குளிர்ச்சி” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் ‘குளிர்ச்சி’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே உங்களோடு வாதாட விரும்புகிறேன். அதை அப்படியே நம்புகிறவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. சிரித்து ஒதுக்குகிறவர்களோடும் வழக்கு உண்டு. இரண்டாவது கூட்டத்தில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேன். ஒரே குயவரிடம் வாங்கிய, ஒரே அளவுள்ள இரண்டு பானைகளில் ஒரே குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். ஒன்றில் மட்டும் வெட்டிவேர் போட்டோம். மறுநாள் வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு! அடுத்து மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் அதையே செய்தோம். வேர் போட்டதும் போடாததும் அறையின் வெப்பநிலையிலேயே இருந்தன. “பார்த்தீர்களா, குளிரச் செய்வது பானை, வேர் அல்ல” என்று பெருமையோடு முடித்தேன்.

மறுவாரம் முதலாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். “சார், நீங்கள் சொன்னதை வீட்டில் ஆயாவிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டு வேரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் போர்த் தண்ணீர். ஒரு மாதிரி வாடை அடிக்கும். இப்போது ஆயா சரியாகத் தண்ணீரே குடிப்பதில்லை” என்றார்.

என் சோதனையில் பிழை இல்லை. ஆனால் நான் அளந்தது ஒன்று, அந்த ஆயா சொன்னது வேறொன்று. வெயில் காலத்தில் உடம்பைக் காப்பது வியர்வை. வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வாய்க்குப் பிடித்தால்தான் வயதானவர்கள் போதுமான அளவு குடிப்பார்கள். வேரின் மணம் அந்த வேலையைச் செய்துவந்தது. இதை வெப்பமானி காட்டாது. வேர் தண்ணீரைச் சுத்தப்படுத்திவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மணம் வாடையை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்த பிறகு வேரை, நன்றாகக் கழுவி, போடுவதே நல்லது.

இனி வெட்டிவேர்த் தட்டிக்கு வருவோம். இங்கே கதையே வேறு. வேரை மூங்கில் சட்டத்தில் தட்டியாகக் கட்டிச் சன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். வட இந்தியாவில் இது பழைய வழக்கம். அக்பர் காலத்து ‘அயினி அக்பரி’யிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி ஒரு விநாடியில் அகற்றும் வெப்பம் ஏறக்குறைய 3,500 ஜூல். வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் தட்டியில் ஆவியானால், அந்தப் பெட்டி 11 நிமிடத்திற்கு மேல் ஓடிச் செய்யும் வேலை முடிந்துவிடுகிறது! மின்சாரமும் வேண்டாம்.

இதிலும் வேருக்கென்று தனி மந்திரம் இல்லை. மெல்லிய நார்கள் பின்னிக் கிடப்பதால் நீர் பரவ நிறையப் பரப்பு கிடைக்கிறது. இடையிடையே காற்றும் நுழைகிறது. நனைத்த சாக்குத் துணியும் ஓரளவு இதைச் செய்யும். ஆனால் ஈரச் சாக்கின் நாற்றத்தில் யார் உட்கார்ந்திருப்பது?

இப்போது என் முக்கியமான வாதம். எந்த ஈரத் தட்டியும் காற்றை ஓர் அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது. அந்த அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி விசிறினால் அது காட்டும் அளவு. காற்று 40 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறக்குறைய 23 டிகிரி காட்டும். வட இந்தியாவின் வறண்ட கோடையில் தட்டி வெற்றி பெற்றது இதனால்தான். நம் கடற்கரை ஊர்களில் 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் ஈரக்குமிழ் 30 டிகிரியில் நின்றுவிடும். சன்னலை எல்லாம் அடைத்துவிட்டுத் தட்டியை நனைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அறையில் ஈரம் ஏறும், வியர்வை காயாது, புழுக்கம் கூடும். நம் உடலும் ஒரு ஈரத் தட்டிதானே! ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதராலும் உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. முதியவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே ஆபத்து தொடங்கிவிடும்.

ஆகவே தட்டி மாட்ட வேண்டுமா என்பதை முன்னோர் பெயரைச் சொல்லியும் முடிவு செய்யக் கூடாது, கடைக்காரர் விளம்பரத்தைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். மே மாதப் பகலில் மணிக்கு ஒரு முறை இரண்டையும் குறித்து வாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் தட்டி மாட்டலாம். சிறிதாக இருந்தால் சன்னலைத் திறந்து விசிறியைப் போடுவதே மேல். மதுரையும் கடலூரும் ஒரே விடை தராது; ஒரே ஊரில் காலையும் மாலையும்கூட ஒரே விடை தராது.

பட்டுப்புடவை மடிப்பில் வேரை வைப்பதையும் கேலி செய்துவிடாதீர்கள். அதன் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் 15 கார்பன் அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறுகள். அவை மெல்ல மெல்லத்தான் ஆவியாகும். அதனால்தான் மல்லிகையின் மணம் ஒரு நாளில் போக, வேரின் மணம் மாதக்கணக்கில் நிற்கிறது. அந்த எண்ணெயில் உள்ள நூட்கட்டோன் என்ற பொருள் கறையானை விரட்டுவதாக அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். புடவையை அரிக்கும் பூச்சிக்கும் இது பொருந்துமா என்பது தனிக் கேள்வி. கறையான் வேறு, துணிப்பூச்சி வேறு.

அந்த மாணவரிடம் ஒரு கட்டு வேர் வாங்கிக் கொடுத்து, “ஆயாவிடம் நான் கொடுத்ததாகச் சொல்” என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். “சார், இது பழைய வேராம், மணமே இல்லையாம். அடுத்த முறை வாங்கும்போது ஈரக் கையால் கசக்கி மோந்து பார்த்து வாங்கச் சொன்னார்கள்.”