கூடை முட்டைக்கும் ஒரு சீட்டு

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி. அதன் பிறகு, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய், இரவு வீடு திரும்புவதே ஆண்களில் பலருக்குப் பிழைப்பாகிவிட்டது. வீட்டிலிருக்கும் பெண்கள் தையல், பூக்கட்டுதல், ஆடு, கோழி என்று கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்குகிறார்கள். லைன் வீட்டின் பின்புறம் பத்துக் கோழி வளர்த்து முட்டை விற்பதும் இவற்றில் ஒன்று. பெரிய முதல் வேண்டாம். அடுப்படியில் மிஞ்சுவதும் கொஞ்சம் குருணையும் போதும்.

இந்தச் சிறு வியாபாரத்துக்குச் சட்டம் உண்டா, உண்டென்றால் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயம். "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று யாராவது அதட்டினால் போதும், கூடையை மூடிக்கொண்டு எழுவதா, கையிலிருப்பதைக் கொடுத்துச் சமாளிப்பதா என்று தவிக்க வேண்டியதுதான். உண்மையில் சட்டம் அவ்வளவு கடுமையானதல்ல.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில், விவசாயிக்கும் அவரது கால்நடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 31-ஆம் பிரிவு, சிறு உணவு வியாபாரிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது. 2011-ல் வந்த விதிகள் ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் வரை விற்பவரைச் சிறு வியாபாரி என்று வகுத்தன. பதிவுக் கட்டணமாக ஆண்டுக்கு 100 ரூபாய் வைத்தன. ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்துக் கோழிக்கு 600 முட்டை. முட்டை பத்து ரூபாய் என்றாலும் 6,000 ரூபாய்தான். 12 லட்சம் எங்கே, ஆறாயிரம் எங்கே!

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லைன் வீட்டில் கோழி வளர்ப்பவள் விவசாயியா? கிராமத்துக் குடியானவர் பஹணியைக் காட்டி, "நான் விவசாயி" என்று சொல்லிவிடலாம். சுரங்கத் தொழிலாளியின் விதவையிடம் பஹணி ஏது? விவசாயி என்ற சலுகையும் அவளுக்கு நிச்சயமில்லை. வியாபாரி என்ற சீட்டும் கையில் இல்லை. இந்த இடைவெளியில்தான் அதட்டலுக்கு இடம் கிடைக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும் வீட்டில் கோழி வளர்ப்பவரும் விவசாயியே என்று சர்க்கார் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்த வேண்டும். அதுவரை, வழக்காடிக்கொண்டிராமல் பதிவுச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். விண்ணப்பம் கொடுத்த 7 நாட்களில் பதிவு தர வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது சோதனைக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்பதும், 30 நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கலாம் என்பதும் அதே 2011 விதிகளில் உள்ளவை.

ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட் ஓரத்திலோ ஆண்டர்சன்பேட்டைத் தெருவிலோ கூடை வைத்து விற்பவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அது 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். இடத்தைக் காலி செய்யச் சொல்வதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளைப் பறிமுதல் செய்தால், உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். முட்டையும் அழுகக்கூடிய பொருள்தான் என்பதை விற்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் உண்டு. விரிசல் விட்ட முட்டையையும் நாள்பட்ட முட்டையையும் நல்லதோடு கலந்து விற்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும் ஆகும். பண்ணை முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்பது வாடிக்கைக்காரரை ஏமாற்றுவது. கோழிக்கு மருந்து கொடுத்தால், கால்நடை டாக்டர் சொல்லும் நாட்கள் கழியும் வரை அதன் முட்டையை விற்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நோய். 2012 அக்டோபரில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணையிலேயே பறவைக் காய்ச்சல் வந்தது. 2025-ன் தொடக்கத்தில் பக்கத்து சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலும் அது தலைகாட்டியது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் கட்டளையிடுகிறது. பத்துக் கோழி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். நோய் பரவாதிருக்க சர்க்கார் அழிக்கும் கோழிக்கு நஷ்டஈடு உண்டு. ஆனால் எந்த வீட்டில் எத்தனை கோழி இருந்தது என்பதற்குக் கணக்கு வேண்டாமா? இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல், ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பெயரைப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. நோய் வந்தால் உடனே தகவல் சொல்வதற்காகவே அந்த ஏற்பாடு. பதிவு என்பது மிரட்டும் கருவியாக இல்லாமல் காக்கும் கருவியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இங்கே பதிவு விண்ணப்பம் கம்ப்யூட்டர் வழியே போகிறது. கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர் இடைத்தரகரை நாடினால், நூறு ரூபாய்ச் சீட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு செலவாகிவிடும். ஆகவே உணவுப் பாதுகாப்புத் துறையும் கால்நடைத் துறையும் நகரசபையும் சேர்ந்து, உரிகம், சாம்பியன் ரீப், மாரிகுப்பம் என்று லைன் லைனாக ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும். விதிகளைக் கன்னடத்தோடு தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். படித்த இளைஞர்களும் சங்கங்களும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும். குமாஸ்தா வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தங்கத்தைத் தோண்டித் தேசத்துக்குக் கொடுத்த குடும்பங்கள் இன்று சலுகையாக எதையும் கேட்கவில்லை. பயமில்லாமல் பத்து முட்டை விற்கவே கேட்கின்றன. சட்டம் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதை அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பாக்கி. அதிகாரிகள் மனம் வைப்பார்களாக!