குரலைக் கடன் வாங்கலாமா?

கைப்பேசியில் ஓடும் காணொலியில், இங்கிலாந்தைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்கிறார். படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி அதே ஏற்ற இறக்கத்துடன் அதைத் திருப்பிச் சொல்கிறாள். பத்து முறை சொன்ன பிறகு, அவளுடைய குரலும் அறிவிப்பாளரின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மறுநாள் வகுப்பில் ஆசிரியர், “இதைப் பற்றி உன் கருத்து என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அவளோ பதில் சொல்ல இயலாமல் தலைகுனிந்து நிற்கிறாள்.

எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் பேச்சுத்திறனுக்கெனத் தனித்தாள் உண்டு. ஆகவே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைப் பின்பற்றிப் பேசிப் பழகும் மாணவர்கள் பலர். இப்பயிற்சி தேவையானதே. ஆனால், அது எதற்காக என்பதை உணராமல் செய்தால், கிளிப்பிள்ளைப் பேச்சோடு நின்றுவிடும்.

கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறை தமிழருக்குப் புதியதன்று. ஓதுவார்கள் தேவாரப் பண்களை ஆசிரியர் பாடக் கேட்டு, உடன்பாடியே கற்றனர். ஒருவர் பேசும்போதே அதை வேறு மொழியில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்களின் பயிற்சியிலும் இம்முறை இடம்பெறுகிறது. பேசுபவரின் சொற்களை ஓரிரு நொடி பின்தொடர்ந்து அப்படியே சொல்வதால், இதனை ‘நிழற்பயிற்சி’ எனலாம்.

நூலைப் படித்து மட்டும் பெற முடியாத ஒன்றை இப்பயிற்சி தருகிறது. தமிழில் ஒரு சொல்லை வலியுறுத்த ‘தான்’ அல்லது தேற்ற ஏகாரம் துணைசெய்கிறது. ‘நான்தான் நேற்று வந்தேன்’ என்பதற்கும் ‘நான் நேற்றுத்தான் வந்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்திலேயே தெரியும். ஆங்கிலத்திலோ ‘ஐ கேம் எஸ்டர்டே’ என்னும் ஒரே வாக்கியத்தில், ‘ஐ’ என்பதை அழுத்திச் சொன்னால் ஒரு பொருள். ‘எஸ்டர்டே’ என்பதை அழுத்திச் சொன்னால் வேறு பொருள். எழுத்தில் தெரியாத இந்த அழுத்தத்தைக் காது கேட்க வேண்டும்; நா பழக வேண்டும்.

எனினும், திருப்பிச் சொல்வது மட்டுமே பேச்சாகிவிடாது. இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க இராணுவம் தன் வீரர்களுக்கு அயல்மொழிகளைக் கற்பிக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் வாய்மொழிப் பயிற்சிக்கு முதலிடம் தரப்பட்டது. பின்னர் அதன் தாக்கத்தால், வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் கற்பித்தல் முறை பள்ளிகளிலும் பரவியது. ஆனால், வகுப்பில் தடையின்றித் திருப்பிச் சொன்ன மாணவர்கள், உண்மையான உரையாடலில் தடுமாறினர் என்னும் குறை விரைவிலேயே எழுந்தது. காரணம் எளிது. திருப்பிச் சொல்பவருக்குச் சொற்களைத் தேடும் வேலை இல்லை. உரையாடுபவருக்கோ அதுவே முதல் வேலை.

அடுத்து, யாருடைய ஒலிப்பைப் பின்பற்றுவது என்னும் கேள்வி எழுகிறது. வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கிலத்தில் உரையாடும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்பதை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். உயிரொலியின் நீளமும், வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடமும் புரிதலுக்கு இன்றியமையாதவை என்றார் அவர். ஆனால், ‘திங்க்’ என்னும் சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயரைப் போலவே ஒலிக்காவிட்டாலும் பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும் என்று அவர் கண்டார். ‘பல்’, ‘பால்’ எனக் குறில் நெடில் வேறுபாட்டைச் சிறுவயதிலேயே பழகிய தமிழ் மாணவருக்கு, ‘ஷிப்’, ‘ஷீப்’ என்னும் சொற்களைப் பிரித்துச் சொல்வது அரிய செயலா?

மலேசியப் பள்ளிகள் ஆங்கிலப் பாடத்திற்குப் பின்பற்றும் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலும் இதே திசையில் நகர்ந்துள்ளது. 2018இல் திருத்தப்பட்ட அதன் ஒலிப்புப் பகுதி, தாய்மொழியாளரைப் போல ஒலிப்பதை இலக்காக வைக்கவில்லை. கேட்பவருக்குத் தெளிவாக விளங்குவதையே இலக்காக வைக்கிறது.

ஆனாலும், வகுப்பறையில் கேலி ஓயவில்லை. வீட்டு ஒலிப்பில் ஆங்கிலம் பேசினால் ஒரு சிரிப்பு. காணொலியைப் பார்த்துப் பழகிய ஒலிப்பில் பேசினால் ‘ஸ்லேங்’ என்று மற்றொரு சிரிப்பு. இரண்டுக்கும் அஞ்சும் மாணவர் வாயை மூடிக்கொள்கிறார். தவறாகப் பேசுபவர் பேசப் பேசத் திருந்துவார். பேசாதவர் திருந்த வழியில்லை. எனவே, சக மாணவரின் ஒலிப்பைப் பார்த்துச் சிரிப்பது விளையாட்டன்று. ஒருவர் கற்கும் வாய்ப்பைப் பறிக்கும் செயலாகும்.

நிழற்பயிற்சியை மாணவர்கள் கைவிட வேண்டியதில்லை. அதனோடு இன்னொரு படியைச் சேர்த்தால் போதும். ஒரு நிமிடப் பேச்சைத் தேர்ந்தெடுத்து, பொருளுணர்ந்து கேட்க வேண்டும். பேச்சாளர் இங்கிலாந்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெளிவாகப் பேசும் மலேசியராகவும் இருக்கலாம். அவரைப் பின்தொடர்ந்து சில முறை சொல்லி, தம் குரலைப் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். அதன்பின் காணொலியை நிறுத்திவிட்டு, அதே செய்தியைத் தம் சொந்தச் சொற்களில் சொல்லி, தம் கருத்தையும் சேர்க்க வேண்டும். திக்கினாலும் தடுமாறினாலும் இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கக் கூடாது.

அழுத்தத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பிறரிடமிருந்து கற்கலாம். சொல்ல வேண்டிய கருத்தைக் கடன் வாங்க முடியாது. தலைகுனிந்து நின்ற அம்மாணவிக்கு இனித் தேவைப்படுவது இன்னொரு காணொலி அன்று. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாலும், சிரிக்காமல் காத்திருந்து கேட்கும் ஒரு வகுப்பறையே அவளுக்குத் தேவை.