ஜீப்பின் ஆயுள்

சென்ற கிழமை எம்முடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் ஆசிரியர் அறையில் எமதருகே வந்தமர்ந்தார். "மாஸ்ரர், என்ரை ஜீப் மூன்று இலட்சத்து இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. எஞ்சின் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்? மகளின் படிப்புச் செலவுக்கு விற்றுவிடட்டுமோ, வைத்து ஓடட்டுமோ?" என்று வினவினார். பௌதிகம் படிப்பிக்கும் குற்றத்துக்காக வாகனம் பற்றிய வினாக்கள் யாவும் எம்மிடமே வந்து சேர்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், புதிய ஜீப்பின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கின்றது. ஆகையால் நண்பரின் வினா இன்று பல வீடுகளின் வினாவுமாகும்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதற்கு 5,000 மணித்தியாலம் வேண்டும். அவ்வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்வதாகக் கொண்டால் மொத்தம் 60 கோடிச் சுழற்சிகளாகும். டொயோட்டா லாண்ட் குரூசர் ஜீப்புகளில் 1990 முதல் பொருத்தப்பட்டு வந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றில் பிஸ்ரன் ஏறி இறங்கும் உயரம் 10 சென்ரிமீற்றர். சுழற்சி ஒன்றுக்கு ஏற்றமும் இறக்கமுமாக 20 சென்ரிமீற்றர். அப்படியாயின் 60 கோடிச் சுழற்சிக்கு 1,20,000 கிலோமீற்றர்! பூமியை ஏறக்குறைய மூன்று முறை சுற்றிவரும் தூரத்தை அந்தப் பிஸ்ரன் ஒரு சாண் ஆழமுமில்லாத கிணற்றுக்குள்ளேயே ஓடி முடித்துவிடுகின்றது.

இவ்வளவு தூரம் உலோகத்தோடு உலோகம் நேரே உரைந்திருந்தால் எஞ்சின் எப்போதோ பொடியாகியிருக்கும். உரையாமற் காப்பது இடையே நிற்கும் ஒயிற் படலம். அதன் தடிப்பு எமது தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைவு. அப்படலம் உள்ளவரை தேய்வு சொற்பமே. இரவு முழுதும் நின்ற வண்டியில் ஒயில் கீழே வடிந்திருக்கும். காலையில் எஞ்சினைக் கிளப்பும் முதற் சில விநாடிகளிற்றான் தேய்வு கூடுதலாக நிகழ்கின்றது. அன்றியும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இரண்டு கிலோமீற்றரில் வீடு திரும்பும் எஞ்சின் முழுச்சூடு அடைவதேயில்லை. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீரும் அமிலமும் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே பட்டினத்துக்குள் 90,000 கிலோமீற்றர் ஓடிய ஜீப், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக 3 இலட்சம் ஓடிய ஜீப்பிலும் மூத்ததாக இருத்தல் கூடும். தூரமானியைத் திருப்பி வைத்து விற்பாரும் உளர் என்பதையும் மறத்தலாகாது.

ஓர் எஞ்சின் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாம் வகுப்பில் எடுத்துரைப்பது அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கோர்டன் என்பாரின் கதையை. அவரும் விஞ்ஞான ஆசிரியரே என்பதில் எமக்குச் சிறிது பெருமையுண்டு. 1966 இல் அவர் வாங்கிய வொல்வோ கார் 2013 இல் 30 இலட்சம் மைலைக் கடந்தது. எஞ்சினை முதன்முறையாகக் கழற்றிப் புதுப்பித்தது ஏறக்குறைய 6,80,000 மைலில். நாளாந்தம் நெடுந்தூரம் ஓட்டியதும், ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றியதுமே அவர் செய்த பெரிய காரியம். அது ஜீப் அன்று என்பது உண்மையே. ஆயினும் பிஸ்ரனுக்குத் தான் எந்த வண்டியில் இருக்கிறது என்பது தெரியாது.

எமது வீட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அதை எழுதச் சற்று வெட்கமாகவே இருக்கின்றது. 2010 இல் எமது தந்தையார் 1,40,000 கிலோமீற்றர் ஓடிய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். கட்டட ஒப்பந்த வேலைக்காக வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓயாமல் ஓடிய அந்த வண்டிக்கு ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒயில் மாற்றிய திகதி, வடிகட்டி மாற்றிய திகதி, கிலோமீற்றர் எல்லாம் அதிலே இருக்கும். 1990 களில், நாம் சிறுவராயிருந்த காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதபோது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர் அன்றோ? மண்ணெண்ணெய் ஒயிலிற் கலந்து அதன் வலுவைக் கெடுக்கும். அக்காலத்து அனுபவமே தந்தையாருக்கு ஒயில் விடயத்தில் அத்தனை கண்டிப்பைக் கற்பித்தது.

2016 இல் ஜீப் எம் கைக்கு வந்தது. ஒயிலை நாமும் ஒழுங்காக மாற்றினோம். ஆனால் றேடியேற்றருக்குக் கடையில் விற்கும் குளிர்திரவம் எதற்கு என்றெண்ணி வீட்டுக் கிணற்று நீரையே ஊற்றி வந்தோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியின் நீர் கேத்தலுக்குள்ளே வெண்படலமாகப் படிவதை நாள்தோறும் கண்டும், றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் அதுவே படியும் என்று நினைத்தோமில்லை. வகுப்பில் வன்னீர், மென்னீர் என்று படிப்பித்தது வீட்டுக்கு வந்து சேரவில்லை.

2018 இல் கலியாண வீடொன்றுக்காக வவுனியாவுக்குப் போகையில், மாங்குளத்தைத் தாண்டியதும் சூட்டுமுள் மேலே ஏறிற்று. முகூர்த்தம் தவறிவிடும் என்ற அவசரத்தில் கனகராயன்குளம் வரை ஓட்டினோம். அவ்வளவே. மிகையான சூட்டில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து வெடித்தது. மெக்கானிக் ஒயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டியபோது அதில் ஒட்டியிருந்தது பால்தேநீர் நிறமான ஒரு குழம்பு. நீரும் ஒயிலும் கலந்துவிட்டிருந்தன. எட்டாண்டு காலம் 2,70,000 கிலோமீற்றர் தந்தையாரும் நாமும் ஓட்டிய எஞ்சினைக் கால்மணி நேரத்திலே கொன்றோம். தந்தையார் எம்மை ஏசவில்லை. கொப்பியை எடுத்துத் திகதியையும் 4,11,000 என்ற எண்ணையும் எழுதி, அதன் பக்கத்தில் "தண்ணீர்" என்று ஒரே சொல்லை எழுதி மூடி வைத்தார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னோம். பின்னர், சனிக்கிழமை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் அவர் வீட்டுக்கே போனோம். முதற்கிளப்பில் நீலப்புகை வரவில்லை. ஆகவே ஒயில் எரியவில்லை. ஓடும் எஞ்சினின் ஒயில் மூடியைத் திறந்தபோது புகை குபுகுபுவெனத் தள்ளவில்லை. பிஸ்ரன் வளையங்கள் இன்னும் பிடிமானமாகவே உள்ளன. சிலிண்டர்களின் அமுக்கத்தை வேர்க்சொப்பில் அளப்பித்து, ஆறும் ஏறக்குறையச் சமமாக உள்ளனவா என்று பார்க்கும்படி சொன்னோம். ரைமிங் பட்டியை எப்போது மாற்றினீர் என்று கேட்டதற்கு அவர் விழித்தார். பல டீசல் எஞ்சின்களில் 1,00,000 கிலோமீற்றர் அளவில் மாற்றவேண்டிய இறப்பர்ப் பட்டி அது. ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்ரனும் வால்வும் மோதி, நல்ல எஞ்சினும் ஒரு நொடியிற் பாழாகும்.

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின் றேடியேற்றர் மூடியைத் திறந்தோம். வாயின் உட்புறமெங்கும் வெள்ளையாகப் படிந்திருந்தது. "கிணற்றுத் தண்ணீரோ?" என்று கேட்டோம். நண்பர் தலையசைத்தார். விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சை அவ்வளவில் நிறுத்தி, திங்கட்கிழமையே றேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவிக்கும்படி சொல்லிவிட்டு வந்தோம்.